ஆமென் வரும் வரை

எஞ்சினை அணைத்திருக்கக் கூடாது. ரயில்வே கேட் இறங்குவதைப் பார்த்ததும் கை தன்பாட்டில் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டது, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற பழைய பழக்கம், உடம்போடு ஒட்டிக்கொண்டது, சொன்னால் கேட்காது. எஞ்சின் நின்ற பிறகுதான் உறைத்தது. இனி இதைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டும், நான் தனியாக, இந்த உச்சிவெயிலில். முன்னால் வாழைத்தார் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் இந்தப் பழைய காருக்குள் நான், ஓய்வுபெற்ற டெலிபோன் லைன் இன்ஸ்பெக்டர் ஞானதிரவியம், சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுக்கு அந்தப்புறம் ரோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அங்கே புஷ்பத்துக்கு டயாலிசிஸ் முடிகிற நேரம். முடிந்ததும் வெளுத்துப்போய் வருவாள், தங்கபுஷ்பம் என்று பெயர் வைத்தவர்கள் இந்த நிறத்தைப் பார்த்ததில்லை, கை சில்லென்று இருக்கும், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். போனதடவை இந்தச் சனியன் பிடித்த செல்ப் மோட்டார் வீட்டு வாசலிலேயே எரிந்துபோய், நான் ஆளைக் கூட்டித் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொண்டுபோவதற்குள் அவள் அந்த பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மகன் சீலன் போனில் கத்தவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னான், அவ்வளவு மெதுவாக என்றால் புஷ்பம்தான் போனை வாங்கிக் கேட்டு எனக்குத் திருப்பிச் சொன்னாள். "இன்னொரு தடவை இப்படி நின்னா காரக் குடுத்துரணும்னு சொல்லுதான். அதுக்குமேல நீங்க ஓட்ட வேண்டாமாம். என்னக் கூட்டிட்டுப் போக ஆள் ஏற்பாடு பண்ணுதானாம்." ஆள். அவள் உடம்பில் ஓடுகிற ரத்தத்தை எடுத்துக் கழுவித் திரும்ப ஏற்றுகிறார்கள், அதில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதுதான் என் வேலை. அதையும் ஓர் ஆளுக்குக் கொடுத்துவிட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன்? சாவியைப் பார்க்கிறேன். சாவி சும்மா தொங்குகிறது.

யோசி. பயப்படுவதற்கு முன்னால் யோசி, லைனில் வேலை பார்த்தவன்தானே நீ. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் பாதியை விலக்கிவிட்டு மீதியைச் சோதி, எங்கள் பிழைப்பே அதுதான். ரிசீவரைக் காதில் வைத்தாலே போதும், கம்பத்தில் ஈரமா, பூமிக்கடியில் கேபிள் அரித்திருக்கிறதா, வீட்டுக்குள் எலி கடித்திருக்கிறதா என்று அந்த இரைச்சலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு கார் கோளாறு எந்த மூலைக்கு? செல்ப் மோட்டார் என்பது என்ன, எஞ்சினை முதல் சுற்றுச் சுற்றிக் கிளப்பிவிட்டு உடனே ஒதுங்கிக்கொள்ள வேண்டிய சின்ன மோட்டார், அவ்வளவுதான். கல்யாணத் தரகர் மாதிரி, காரியம் முடிந்ததும் போய்விட வேண்டும். இந்த வண்டியில் அது திரும்பத் திரும்ப எரிகிறது. முதல் மோட்டார் எரிந்தபோது வயதாகிவிட்டது என்றோம். அடுத்ததற்குச் சாமான் டூப்ளிகேட் என்றான் எலக்ட்ரீஷியன் மைதீன். அதற்கும் அடுத்தது அசல் சாமான், அதுவும் கருகியது. மைதீனுக்கே ரோசம் வந்து பேட்டரியை மாற்றினான், எர்த் வயரைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினான், மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு கருகிய சுருளை மோந்து பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "சாவிய ரொம்ப நேரம் புடிக்கியளோ சார்?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில், "நீ பொறக்கதுக்கு முன்னாலேருந்து வண்டி ஓட்டுதேன்டே" என்றேன். அதற்குப் பிறகு நானே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தேன். காலையில் கோளாறே இல்லை. புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வண்டி வெண்ணெய்போலக் கிளம்புகிறது. எஞ்சினை அணைக்காமலே அவளை வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கஞ்சி வைத்து, மதியம் அவளைக் கூப்பிடக் கிளம்பும்போதுதான் எரிகிறது. காலைக்கும் மதியத்துக்கும் என்ன வித்தியாசம்? சூடு. பளிச்சென்று பிடித்துவிட்டேன். மோட்டார் பக்கத்திலேயே சைலன்சர் குழாய் போகிறது, அந்தச் சூட்டில் வெந்துபோகிறது. தகரம் வெட்டி நடுவே தடுப்பு வைக்கச் சொன்னேன். மைதீன் வைத்தான், நம்பாமல் வைத்தான். அந்தத் தடுப்புக்குள் இருப்பதுதான் இப்போது என் காலுக்கு முன்னால், பானெட்டுக்கு அடியில் இருக்கிற மோட்டார். சூடுதான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று மதியம் வெயிலே இல்லை, மேகம் மூடி மண்வாசனை அடித்துக்கொண்டிருந்தது, வண்டி விடியற்காலை கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது, அன்றும் எரிந்தது. அது ஏதோ விதிவிலக்கு. லைனில் விதிவிலக்கு என்று ஒன்று கிடையாது என்று பயிற்சிக்கு வந்தவர்களிடம் சொன்னவனும் நான்தான். இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் கொதிக்கிற வெயிலில் நிறுத்திவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு திரும்பக் கிளம்பும்போது இந்த வண்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. சூடு என்றால் அங்கேயல்லவா எரிய வேண்டும்?

காரணம் அவள் ஜெபம் என்று சொல்லலாம். சொன்னால் சிரிப்பு வருகிறது. நான் கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் மோட்டாருக்கும் ஆண்டவருக்கும் முடிச்சுப் போடுகிற ஆள் இல்லை. புஷ்பம் போடுவாள். முன்பெல்லாம் வண்டியில் ஏறியதும் கண்ணை மூடி, ஜெபித்து முடித்த பிறகுதான் என்னைச் சாவியைத் தொட விடுவாள். கொஞ்ச காலமாக அதை மாற்றிவிட்டாள். நான் சாவியைத் திருப்பும்போதுதான் ஆரம்பிக்கிறாள். "ஆண்டவரே, இந்தப் பிரயாணத்தை ஆசீர்வதியும், போகிற வழியிலும் வருகிற வழியிலும்" என்று உதடு ஓடும், ஆமென் என்றதும் என் மணிக்கட்டில் இரண்டு விரலால் ஒரு தட்டு. ஆமென் காதில் விழுகிறதோ இல்லையோ, தட்டு விழும். ஜெபம் முடிந்தால் கையை எடுப்பதுதானே மரியாதை, எடுத்துவிடுவேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் ஜெபம் நீளும், ஊரில் இருக்கிற நோயாளிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு போவாள். சில நாள் "ஆண்டவரே இந்த" என்பதோடு ஆமென் போட்டு முடித்துவிடுவாள். "என்ன புஷ்பம், இன்னைக்குப் பாதியிலயே இறக்கி விட்டுட்ட அவர?" என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரிக்க மாட்டாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். இப்போதெல்லாம் அவளுக்குத் தொடுகிற பழக்கம் வந்துவிட்டது. காபியை வைத்துவிட்டுத் தோளைத் தொட்டு, நான் நிமிர்ந்த பிறகுதான் பேசுகிறாள். இந்த வயதில் என்ன இது என்று எனக்கே கூச்சமாக இருக்கும், வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றாது. நோய் வந்தால் மனுஷருக்குப் பிரியம் கூடிவிடும்போலிருக்கிறது. மற்றவர்கள் நேர்மாறு. மருமகள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், பேரன் முனகுகிறான், பேச்சுப் பழகாத தலைமுறை. கோயிலில் மைக் சரியில்லை, போதகர் உதட்டை அசைத்துவிட்டுப் போகிறார், போய்ச் சொன்னதற்கு, "எல்லாருக்கும் கேக்குதே அண்ணாச்சி" என்று மழுப்புகிறார்கள். எங்கள் தெருவில் இப்போது காக்கை கிடையாது. டவர் வந்து எல்லாம் போயிற்று.

கேட்டில் இத்தனை வண்டி நிற்கிறது, ஒரு சத்தம் இல்லை, சாவு வீட்டு வாசல் மாதிரி. ஒருவேளை எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்களோ? பஸ்காரன் கண்ணாடியில் தெரிகிறான், என்னவோ மெல்லுகிறான். கேட் மூடினால் மணி அடிக்க வேண்டும், இங்கே அடிப்பதே இல்லை, ரிப்பேர். ஒருநாள் யாராவது சாகத்தான் போகிறார்கள். சட்டைப்பையில் போன் அதிருகிறது, எடுப்பதற்குள் நின்றுவிட்டது, புஷ்பம்தான், முடிந்துவிட்டது என்று அர்த்தம், பெஞ்சுக்கு வந்திருப்பாள். வாசலில் நிழல் இப்போது எந்தப் பக்கம் இருக்கும்? கஞ்சி பாத்திரம் பக்கத்து ஸீட்டில், அவள் ஸீட்டில் இருக்கிறது, மேலே துண்டு போட்டு மூடியிருக்கிறேன். ரயில் வந்துவிட்டது. திடீரென்று லாரிக்கு முன்னால் பழுப்பாக ஒன்று நகர்கிறது, கூட்ஸ் வண்டி, பெட்டிக்குப் பின் பெட்டியாக, எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, ஹாரன் கொடுக்காமல் வருகிறான் மடையன். என் ஸீட்டுக்கு அடியில் தரை அதிர்கிறது, கஞ்சி பாத்திர மூடி நடுங்குகிறது. ஆனால் ரயில், அது ஏதோ தூரத்தில் மெத்தையை இழுத்துக்கொண்டு போவதுபோலப் போகிறது. இந்தக் காலத்தில் தண்டவாளத்தைக்கூட இணைப்பே இல்லாமல் போடுகிறார்கள், சத்தம் வராது, எங்கோ படித்திருக்கிறேன். பக்கத்து மோட்டார் சைக்கிளில் அப்பன் தோளில் இருக்கிற குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுகிறது. அது ஏன் காதைப் பொத்துகிறது? வெயில் தாங்காமல் இருக்கும். நான் அந்தக் குழந்தையையே பார்க்கிறேன். அது என்னைப் பார்த்து, நான் ஏன் பொத்தவில்லை என்று கேட்பதுபோல அழுகையை நிறுத்துகிறது. கடைசிப் பெட்டி போய்விட்டது.

இப்போது ஸ்டார்ட் பண்ண வேண்டும். கேட் கம்பி எழும்புகிறது. முதல் தடவையே எடுத்துவிட வேண்டும், நன்றாகப் பிடித்து எடுக்க வேண்டும், கையை அவசரப்பட்டு எடுத்தால் இந்த வண்டி ஏமாற்றிவிடும், பிறகு பின்னாலிருக்கிற பஸ்காரன் இறங்கி வருவான், தள்ளச் சொல்லி ஊரைக் கூட்ட வேண்டும், யாராவது சீலனிடம் சொல்வார்கள், பெஞ்சில் அவள். முன்பு டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது, எஞ்சின் எடுத்துக்கொண்டால் அணையும், அது ஃபியூஸ் ஆகிக் காலம் ஆயிற்று. மைதீன் மாற்றவா என்றதற்கு, விளக்கு எதுக்குடே, காதில்லையா என்றேன். ஆனாலும் அருமையான எஞ்சின், வயதாக ஆக அடக்கம் வந்திருக்கிறது, ஓடுவதே தெரியாது. சாவியைத் திருப்புகிறேன். கைக்கு அதிர்வு தெரிகிறது, மோட்டார் சுற்றுகிறது, எரியவில்லை, தகரத் தடுப்பு வேலை செய்கிறது, பிடி, விட்டுவிடாதே. பக்கத்து ஸீட்டில் கஞ்சி பாத்திரம்தான் இருக்கிறது. என்ன தோன்றிற்றோ, நானே ஆரம்பித்தேன், வாய்விட்டு, ஆண்டவரே இந்தப் பிரயாணத்தை ஆசீர்வதியும், போகிற வழியிலும் வருகிற வழியிலும் எங்களோடிரும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளை விழாமல் பிடித்துக்கொள்ளும், எனக்கு அவளைக் கூட்டிவர வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை. முழுசாகச் சொன்னேன், அவள் சொல்கிற முழு நீளத்துக்கும் சொன்னேன், ஆமென் சொல்வதற்குள் மூக்கில் அந்த நாற்றம் ஏறியது. கருகிய வார்னிஷ் நாற்றம். எனக்குத் தெரிந்த நாற்றம். ஜன்னல் கண்ணாடியில் நிழல் விழுந்தது, பஸ் கண்டக்டர் ஓங்கி ஓங்கித் தட்டுகிறான், கண்ணாடியை இறக்கினேன். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, அவ்வளவு சத்தமாகக் கத்தியும் எனக்குப் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலத்தான் வந்தது. "பெரியவரே! வண்டி எப்பமே ஸ்டார்ட் ஆயிட்டு! சாவிய விடும்! கரகரன்னு கத்துதே, காது கேக்கலையா ஒமக்கு?"

விட்டேன். சாவி தானாகத் திரும்பி வந்தது. கையைத் தூக்கிக் கும்பிடுவதுபோல ஏதோ செய்தேன், கியரைப் போட்டேன், லாரி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. தண்டவாளத்தின் மேல் ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தேன். கேட் திறந்துதான் இருக்கிறது, இருந்தாலும் பார்த்தேன், என் ஆயுசில் இந்த இடத்தில் நான் கழுத்தைத் திருப்பியதில்லை, அதற்குத் தேவை இருந்ததில்லை. அப்படியானால் காலைக்கும் மதியத்துக்கும் என்ன வித்தியாசம்? சூடு இல்லை. காலையில் அவள் பக்கத்தில் இருக்கிறாள், மதியம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறாள். அந்த மேகம் மூடிய செவ்வாய்க்கிழமையும் அவள் இல்லை. பாதியை விலக்கு, மீதியைச் சோதி. நான் எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தேன், பேட்டரியை, வயரை, சூட்டை, மைதீனை, என்னை மட்டும் விலக்கிப் பார்க்கவில்லை. எஞ்சின் எடுத்துக்கொண்டது எனக்குக் கேட்பதில்லை, கேட்காததால் இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், ஒதுங்க வேண்டிய மோட்டாரை ஒதுங்கவிடாமல் பிடித்துக் கருக்குகிறேன். அவள் இருந்தால் தட்டிவிடுகிறாள். எஞ்சின் சீக்கிரம் எடுத்தால் சின்ன ஜெபம், தாமதமாக எடுத்தால் நீண்ட ஜெபம். நோயாளிகளையெல்லாம் இழுத்தது அதற்குத்தான். எவ்வளவு காலமாக? தோளைத் தொட்டுவிட்டுப் பேசுவது எப்போது ஆரம்பித்தது? போனை வாங்கிக் கேட்டுத் திருப்பிச் சொன்னது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது? ஒருநாள்கூட அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், மைதீனிடம் எகிறியதுபோல எகிறியிருப்பேன். இரைச்சலைக் கேட்டே கம்பத்தைச் சொல்கிறவனிடம் போய்க் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்? எனக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பின்னால் ஒரு வேன் கண்ணாடி நிறைய நெருங்கி வந்து, விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. எவ்வளவு நேரமாக ஹாரன் அடிக்கிறானோ. ஒதுங்கினேன். இதே ரோட்டில் இதே மாதிரி எத்தனை பேர் அடித்திருப்பார்கள், அவளை ஏற்றிக்கொண்டு நான் எத்தனை தடவை இதில் சும்மா போயிருக்கிறேன்?

பெஞ்சில்தான் இருந்தாள். நிழல் அவளை விட்டு நகர்ந்துபோயிருந்தது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தாள், கண் மட்டும் ரோட்டில். நான் எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தினேன். ஆயா ஒருத்தி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றினாள், நான் கஞ்சி பாத்திரத்தை எடுத்துப் பின்னால் வைத்தேன். கதவு சாத்தப்பட்டது வண்டி குலுங்கியதில் தெரிந்தது. புஷ்பத்தின் மூக்கு சுருங்கியது, அந்த நாற்றம் இன்னும் உள்ளே இருந்தது. முதலில் சாவியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. எப்போதும் ரோட்டைப் பார்க்கிறவன், இன்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதுவே போதும். உதடு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது.

"தெரிஞ்சிட்டா?"

தலையை ஆட்டினேன். அவள் கை என் மணிக்கட்டுக்கு வந்து அங்கேயே இருந்தது, சில்லென்று இருந்தது. "போவோம்ங்க, மெதுவாப் போவோம், வீட்டுல போயிப் பேசிக்கலாம்" என்றாள், அல்லது அப்படித்தான் இருக்க வேண்டும். போயிருக்கலாம். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கோளாறு இதுதான் என்று ஊகித்தால் போதாது, சோதித்துப் பார்த்து எழுந்தால்தான் வேலை முடிந்தது, அந்தப் பிடிவாதம் காதோடு போகவில்லை. அவள் வாயில் ஆமென் வருகிற நொடியும் எஞ்சின் எடுக்கிற நொடியும் ஒன்றா என்று ஒரே ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்கு மேல் இந்தச் சாவி எனக்கு வேண்டாம், சீலன் கேட்பதற்கு முன் நானே கொடுத்துவிடுவேன். "ஜெபம் பண்ணு புஷ்பம்" என்றேன். அவள் என் கையை இறுக்கிப் பிடிப்பதற்குள் சாவியைத் திருப்பி அணைத்தேன். அவள் கண் பெரிதானது. வேண்டாம் என்று தலையசைத்தாள், கருகிய மோட்டார் இன்னொரு தடவை எடுக்காது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. திரும்பச் சாவியைத் திருப்பிப் பிடித்தேன். விரலுக்கு ஏதோ லேசாக நடுங்கியது, அது மோட்டாரா என் கையா என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். உதடு ஓட ஆரம்பித்தது. இந்தப் பிரயாணத்தை ஆசீர்வதியும், போகிற வழியிலும் வருகிற வழியிலும். நோயாளிகள் வந்தார்கள். சீலன் வந்தான், பேரன் வந்தான், மைதீனின் பெயர்கூட வந்ததுபோல இருந்தது. வெயில் கண்ணாடி வழியாக அவள் மடிக்கு இறங்கியிருந்தது. என் மணிக்கட்டின் மேல் இரண்டு விரல் தூக்கியபடியே நின்றது, இறங்கவில்லை. நான் அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே, நிறுத்தாமல், ஜெபித்துக்கொண்டே இருந்தாள்.